கிரிப்போவின் கைதியைத் தமிழில் எப்படிக் குறிப்பிடுவது?

கேள்வி: நாஜி காலத்து ஆவணம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பெர்லினைச் சேர்ந்த ஒருவரை 1938-இல் கிரிப்போ (குற்றப் புலனாய்வுக் காவல்துறை) 'முன்தடுப்புக் காவலில்' வைத்து, சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பியதாக அதில் உள்ளது. 'திருட்டுக் குற்றத்துக்காகக் கெஸ்டபோ (ரகசிய அரசியல் காவல்துறை) பிடித்த தண்டனைக் கைதி' என்று எழுதலாமா?

பதில்: அப்படி எழுதாதீர்கள். கெஸ்டபோ என்பதும் தவறு, தண்டனைக் கைதி என்பது அதைவிடப் பெரிய தவறு.

1936 ஜூன் 17 அன்று ஹைன்ரிச் ஹிம்லர் ஜெர்மனி முழுவதற்குமான காவல்துறைத் தலைவரானார். சீருடைக் காவலர்களைக் குர்ட் டாலூகேயிடமும், கெஸ்டபோ, கிரிப்போ இரண்டையும் இணைத்த பாதுகாப்புக் காவல்துறையை ரைன்ஹார்ட் ஹைட்ரிக்கிடமும் அவர் ஒப்படைத்தார். அரசியல் எதிரிகளைக் கெஸ்டபோ கவனித்தது. கொலை, திருட்டு, மோசடி ஆகியவை கிரிப்போ எனப்பட்ட குற்றப் புலனாய்வுப் பிரிவின் பொறுப்பு. 1937-இல் அதற்குப் பெர்லினில் தலைமையகம் அமைந்தது. நாடெங்கும் இருந்த கிளைகள் அதற்குக் கட்டுப்பட்டன. அதன் தலைவர் ஆர்தர் நேபே, 1933-க்கு முன்பே துப்பறிவதில் பழகிய அதிகாரி. 1939 செப்டம்பரில் பாதுகாப்புக் காவல்துறை ரைஹ் பாதுகாப்புத் தலைமையகத்துக்குள் அடங்கியபோது, கெஸ்டபோ நான்காம் பிரிவாகவும் கிரிப்போ ஐந்தாம் பிரிவாகவும் ஆயின.

உங்கள் ஆவணத்துக்கு முக்கியமானது 1937 டிசம்பர் 14 ஆணை. பலமுறை தண்டனை பெற்றவர்களையும், 'சமூக விரோதிகள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களையும், புதிதாக எந்தக் குற்றமும் செய்யாதபோதும், நீதிமன்றத்தில் நிறுத்தாமலே காலவரையின்றி அடைத்துவைக்கும் அதிகாரத்தை அது கிரிப்போவுக்குக் கொடுத்தது. இதுவே 'முன்தடுப்புக் காவல்'. சிறையில் தன் தண்டனையை முழுமையாக அனுபவித்து முடித்த ஒருவர், பழைய குற்றப்பதிவு ஒன்றையே காரணமாகக் காட்டி மீண்டும் பிடிக்கப்பட்டு, முகாமில் சட்டையின் மார்புப் பகுதியில், கைதியின் வகையைக் காட்டும் பச்சை முக்கோணம் தைத்துக்கொண்டு நிற்க நேர்ந்தது. 'சமூக விரோதி' என்றால் கறுப்பு முக்கோணம். கெஸ்டபோ இதேபோல் பயன்படுத்தியதன் பெயர் 'பாதுகாப்புக் காவல்'. அதன் அரசியல் கைதிகளுக்குச் சிவப்பு. இவ்விரு காவல்களையும் குழப்பிக்கொண்டால், அவரைப் பிடித்தவர் யார், எதற்காக என்பதே மாறிப்போகும்.

இந்தச் சொல் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 'தண்டனைக் கைதி' என்ற எண்ணம்தான் பச்சை, கறுப்பு முக்கோணக்காரர்களைப் பல பத்தாண்டுகள் நினைவுகூரலுக்கு வெளியே நிறுத்தியது. ஜெர்மன் நாடாளுமன்றம் அவர்களை நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களாக ஏற்றுக்கொண்டது 2020 பிப்ரவரியில்தான்.

ஆகவே, 'குற்றப் புலனாய்வுக் காவல்துறை (கிரிப்போ) அவரை நீதிமன்ற விசாரணையின்றி முன்தடுப்புக் காவலில் வைத்து முகாமுக்கு அனுப்பியது' என்று எழுதுங்கள். கோப்பில் முக்கோணத்தின் நிறம் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் அப்படியே சேருங்கள்.