வர்றேன்னு சொல்லிட்டு வராத அப்பா: கைக்குழந்தை சந்திப்பு பற்றி வாசகர் கேள்விகள்

பிரிந்து வாழும் பெற்றோர் எழுதும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் புகார், சொன்ன நேரத்துக்கு வராத துணையைப் பற்றியது. இந்த முறை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருப்பவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். இந்த வயதில் குழந்தைக்கு ஞாயிறும் திங்களும் தெரியாது, தூக்கமும் பாலும்தான் தெரியும். அந்த இரண்டும் கெடாதபடி சந்திப்பை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் ஒவ்வொரு பதிலிலும் பார்த்திருக்கிறோம்.

கேள்வி: மகளுக்கு 7 மாதம். நாங்கள் பிரிந்துவிட்டோம், இன்னும் கேஸ் போடவில்லை. ஞாயிறு காலை 10 மணிக்கு வருகிறேன் என்பார். குளிப்பாட்டி, கவுன் மாட்டி, தூங்கவிடாமல் வைத்திருப்பேன். 1 மணிக்கு "டிராஃபிக்" என்று மெசேஜ் வரும். சில வாரம் அதுவும் வராது. அன்று முழுக்கக் குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கிறாள். ஏன் வரவில்லை என்று கேட்டால் சண்டை. — அயனாவரம் வாசகி

முதல் வேலையாக, அவருக்காகக் குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதை நிறுத்துங்கள். இந்த வயதுக் குழந்தை பகலில் 2, 3 முறை தூங்கும். ஒருமுறை எழுந்தால் 2 முதல் 3 மணி நேரம்தான் தாங்கும். அதைத் தாண்டினால் களைப்பு மிஞ்சிப் போய், தூக்கமும் வராது, பாலும் இறங்காது. அன்று முழுக்க நீங்கள் பார்க்கும் சிணுங்கல் தூக்கம் கெட்டதால் வருவது. "அப்பாவுக்காக ஏங்குகிறாளோ" என்று மனதை வருத்திக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, நேரத்தைக் குழந்தையின் வசதிக்கு மாற்றுங்கள். காலை 6.30-க்கு எழுந்து, 9 முதல் 10.15 வரை தூங்கும் குழந்தை என்றால், பால் குடித்த பிறகு 10.45 நல்ல நேரம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் இருப்பதைவிட, வாரம் இரண்டு முறை ஒவ்வொரு மணி நேரம் வருவது மேல். கைக்குழந்தைக்கு ஒரு வார இடைவெளி மிக நீளம். அடிக்கடி பார்க்கும் முகத்தோடுதான் அது ஒட்டும்.

இதை வாய்ப்பேச்சாக விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

"ஞாயிறு காலை 10.45 முதல் 11.45 வரை, புதன் மாலை 6 முதல் 7 வரை பாப்பாவைப் பார்க்கலாம். வருவதாக இருந்தால் முதல் நாள் இரவு 8 மணிக்குள் மெசேஜ் போடவும். அரை மணி நேரம் காத்திருப்பேன். அதற்குள் வரவில்லை என்றால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். தாமதமாக வந்தாலும் முடிக்கும் நேரம் மாறாது."

கோபமோ பழைய கணக்கோ அதில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. நாளைக்கு ஒரு நீதிபதி படித்தாலும் நியாயமாகத் தெரிய வேண்டும்.

பெரும்பாலும் ஏற்பாடு உடைவது மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான். 11.30-க்கு வந்து காலிங் பெல் அடிப்பார், கையில் பொம்மை இருக்கும், நீங்களும் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்து 2 மணிவரை உட்கார வைத்துவிடுவீர்கள். அதன்பிறகு அரை மணி நேர வரம்பை யாரும் மதிக்க மாட்டார்கள். "பாப்பா தூங்கிட்டா, புதன்கிழமை பார்க்கலாம்" என்று தன்மையாகச் சொல்லி அனுப்புங்கள். "ஏன் லேட்?" என்ற கேள்வியே வேண்டாம். அதிலிருந்துதான் சண்டை கிளம்புகிறது. காத்திருப்பு முடிந்ததும் கோயிலுக்கோ அக்கா வீட்டுக்கோ கிளம்பிவிடுங்கள். உங்கள் ஞாயிறும் அவர் கையில் இருக்கக் கூடாது.

வீட்டில் சந்தித்தால் பேச்சு முற்றும் என்றால் பொது இடம் நல்லது. உங்கள் பக்கத்துக்கு அண்ணாநகர் டவர் பூங்கா இருக்கிறது. சித்திரை, வைகாசியில் 10 மணி வெயில் கைக்குழந்தைக்கு ஆகாது. அந்த மாதங்களில் காலை 7 மணிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் ஏசி உள்ள மாலில், குழந்தைக்குப் பால் கொடுக்க அறை இருக்கிறதா என்று பார்த்துச் சந்தியுங்கள்.

இரண்டு மாதம் பார்த்தும் சரிவராவிட்டால், குழந்தை வழக்கமாக வசிக்கும் பகுதிக்குரிய குடும்ப நல நீதிமன்றத்தில் நேரத்தை நிர்ணயிக்கச் சொல்லி மனு போடலாம். 1890-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. விவாகரத்து கேஸ் நடந்துகொண்டிருந்தால் அதிலேயே இடைக்கால மனுவாகக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

கேள்வி: நான்கு மாதமாகப் பணம் தரவில்லை. ஆனால் பையனைப் பார்க்க மட்டும் வந்துவிடுகிறார். பணம் தந்தால்தான் காட்டுவேன் என்று சொல்லலாமா? — வேளச்சேரி வாசகி

சொல்லாதீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் சட்டத்தின் முன் இந்த நிபந்தனை உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஜீவனாம்சமும் சந்திப்பும் தனித்தனிக் கணக்கு. அவர் பணம் தராதது அவர் தவறு. நீங்கள் கதவைச் சாத்தினால் அது உங்கள் தவறாகப் பதிவாகும்.

பணத்துக்கு நேரான வழி இருக்கிறது. ஜீவனாம்சம் கேட்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த 125-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 144-வது பிரிவு. அதில் உங்களுக்கும் குழந்தைக்கும் சேர்த்துக் கேட்கலாம். இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம், இந்த மாதமே மனு போடுங்கள்.

ஏற்கெனவே உத்தரவு இருந்தும் தரவில்லையா? பாக்கியை வசூலிக்க, அது சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். "எப்படியும் தருவார்" என்று இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு வருபவர்களுக்குப் பழைய பாக்கி கைநழுவிப் போகிறது. உத்தரவை மீறினால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம் என்பதால், வாரண்ட் என்றதும் பலர் கட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: 10 மாத மகன். மூன்று வாரம் கழித்து வந்த கணவர் தூக்கியதும் வீறிட்டு அழுதான். "நீதான் சொல்லிக்கொடுத்திருக்கே" என்று கத்திவிட்டுப் போனார். — பெரம்பூர் வாசகி

பத்து மாதக் குழந்தைக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. 8 மாதம் வாக்கில் தெரிந்த முகம், தெரியாத முகம் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அதனால் வரும் அழுகை 10 முதல் 18 மாதத்தில் உச்சத்தில் இருக்கும். மூன்று வாரம் பார்க்காதவரைக் கண்டு அழுவது வளர்ச்சி சரியாக இருப்பதன் அடையாளம். இந்தப் பதிலையே அவருக்கு அனுப்பிவையுங்கள், கீழே எழுதியிருப்பது அவருக்காகத்தான்.

வந்ததும் தூக்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவி, குழந்தையிடமிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்காருங்கள். குழந்தை அம்மா மடியில் இருக்கட்டும். நேராக உற்றுப் பார்க்காமல், அதற்குப் பழக்கமான ஒரு பொருளை, ஒரு டப்பா மூடியோ ஸ்பூனோ போதும், எடுத்துத் தரையில் தட்டிக்கொண்டிருங்கள். குழந்தை அம்மாவைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும், மறுபடி அம்மாவைப் பார்க்கும். அம்மா சாதாரணமாகச் சிரித்தபடி இருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் பெரும்பாலும் ஸ்பூனைப் பிடுங்கக் கை நீட்டும். அதன்பிறகு பக்கத்தில் நகருங்கள். தூக்குவது கடைசியில், குழந்தையே தாவி வந்தால் மட்டும். அத்தரும் சென்ட்டும் வேண்டாம்.

இடைப்பட்ட நாட்களில் 3, 4 நிமிட வீடியோ கால் உதவும். அதற்கு மேல் இந்த வயதில் பொறுமை இருக்காது. போனை அம்மா பிடித்துக்கொள்ள, அவர் தினமும் ஒரே பாட்டைப் பாடினால் நேரில் வரும்போது குரல் பழகியிருக்கும்.

கேள்வி: 8 மாத மகளை ஒரு இரவு அழைத்துப் போகிறேன் என்கிறார். தாய்ப்பால் குடிக்கிறாள். சொன்ன நேரத்துக்குத் திரும்பிக் கொண்டுவருவாரா என்றும் பயம். கோர்ட் கொடுத்துவிடுமா? — திருவான்மியூர் வாசகி

1956-ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டத்தின் 6-வது பிரிவு, 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை, நேரம் தவறும் ஒருவரிடம் இரவு முழுக்க விட நீதிமன்றம் எளிதில் சம்மதிக்காது. ஆனால் "முடியவே முடியாது" என்று எழுதாதீர்கள். "இப்போது பகலில் 3 மணி நேரம், தொடர்ந்து எட்டு முறை சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டால் 5 மணி நேரம்" என்று படியாக எழுதுங்கள். மறுப்பைவிட இது உங்களைக் காப்பாற்றும்.

3 மணி நேரப் பிரிவுக்குப் பிழிந்த பால் 120 மில்லி தேவைப்படலாம். ஒரே பாட்டிலில் ஊற்றாமல் 60 மில்லியாக இரண்டில் வையுங்கள். குழந்தை வாய் வைத்த பால் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது, மீதியைக் கொட்டத்தான் வேண்டும். பிழிந்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் நிற்கும். சென்னையில் ஏசி இல்லாத அறை எந்த மாதமும் அந்தச் சூட்டைத் தாண்டும். அதனால் உறைந்த ஐஸ் பேக்குடன் கூலர் பையில்தான் அனுப்ப வேண்டும். சூடாக்க வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை வைத்தால் போதும். மைக்ரோவேவ் வைத்தால் நடுவில் கொதிக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். பாட்டில் பழகாத குழந்தைக்குப் பாலாடையும் கூடவே வையுங்கள்.

பையின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எப்போது தூங்கினாள், எப்போது சாப்பிட்டாள், மருந்து ஏதாவது உண்டா, டாக்டர் போன் நம்பர். சீட்டின் கடைசியில் "தேன் வேண்டாம், பசும்பால் வேண்டாம், கடலை, திராட்சை வேண்டாம்" என்று எழுதுங்கள். ஒரு வயதுக்குள் தேன் தரக் கூடாது என்பது பல தாத்தா பாட்டிகளுக்குத் தெரியாது, ஆசையாக நாக்கில் தடவிவிடுவார்கள்.

இன்னொன்றில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்: பைக். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 8 மாதக் கழுத்து ஹெல்மெட்டைத் தாங்காது. ஆட்டோவோ காரோ வந்தால் குழந்தையைக் கொடுங்கள், பைக்கில் வந்தால் வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: நான் அப்பா. சனிக்கிழமை 2 மணி நேரம் பார்க்க உத்தரவு இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் "ஜுரம்", "தூங்குறான்" என்று ரத்து செய்கிறாள். மகனுக்கு ஒரு வயது. — போரூர் வாசகர்

ஒரு வயதுக் குழந்தைக்கு அடிக்கடி சளி, ஜுரம் வருவது உண்மைதான், எல்லாவற்றையும் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உத்தரவில் ஈடுசெய்யும் சந்திப்பு பற்றி ஒரு வரி இல்லாததுதான் உங்கள் பிரச்சினை. அதே நீதிமன்றத்தில் மனு போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள்: ரத்தானால் 7 நாளுக்குள் மாற்றுச் சந்திப்பு, அன்றைய தினம் வீடியோ கால். நேரில் முடியாதபோது போன், வீடியோ வழியாகவாவது தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வக்கீல் எடுத்துக்காட்டலாம். திரும்பத் திரும்ப மீறினால், உத்தரவை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்கும் நிறைவேற்று மனு உண்டு.

சனிக்கிழமை மெசேஜில் ரத்து செய்தாலும் "சரி, உடம்பைப் பார்த்துக்கொள். எந்த நாள் வரலாம்?" என்று மட்டும் பதில் போடுங்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிற்காதீர்கள், பணத்தையும் நிறுத்தாதீர்கள். இரண்டுமே அடுத்த வாய்தாவில் உங்கள் பக்கத்தைக் கெடுக்கும்.

கேள்வி: அவர் வருவதே இல்லை. ஆனால் மாமியார் தவறாமல் போன் செய்து பேரனைக் கேட்கிறார். அனுமதிக்கலாமா? — தண்டையார்பேட்டை வாசகி

அவர் குழந்தையிடம் பிரியமாக இருந்து, சொன்ன நேரத்துக்கு வருகிறவர் என்றால் தாராளமாக. அப்பா பக்கத்தில் ஒரு நிலையான முகம் குழந்தைக்குக் கிடைக்கிறது. முதல் சில முறை உங்கள் வீட்டிலேயே, நீங்களும் கூட இருங்கள். "அத்தை, பாப்பாவைப் பற்றி எவ்வளவு வேணும்னாலும் பேசலாம், கேஸைப் பற்றி மட்டும் வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் மூலமாகக் கணவருக்குத் தகவல் அனுப்பாதீர்கள். இடையில் நிற்பவர் வாயில் சொல் மாறும், பழி அவர்மேல் விழும்.

கேள்வி: குடித்துவிட்டு வந்து குழந்தையைக் கேட்கிறார். — கொடுங்கையூர் வாசகி

கொடுக்காதீர்கள். கதவைத் திறக்காமல் 112-க்கு அழையுங்கள். 181 பெண்கள் உதவி எண்ணிலும் பேசலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவில், பாதுகாப்பு மனுவோடு சேர்த்துக் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பையும் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தால் அதை அவர் மறுக்கவும் செய்வார். பிறகு சந்திப்பு தேவைப்பட்டால் நீதிமன்ற வளாகத்தில், ஆள் பார்வையில் மட்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: அவர் வராததற்கு ஆதாரம் எப்படி வைத்துக்கொள்வது? — ஆதம்பாக்கம் வாசகி

ஒரு நோட்டு போதும். தேதி, சொன்ன நேரம், வந்த நேரம், போன நேரம் என்று நான்கு பத்தி. "வேண்டுமென்றே வரவில்லை", "பொய் சொன்னார்" என்று எழுதாதீர்கள். "11.15 வரை வரவில்லை, மெசேஜ் இல்லை" என்பதே போதும். அவர் ஒழுங்காக வந்த நாட்களையும் எழுதுங்கள். வராத நாட்கள் மட்டும் உள்ள நோட்டை எந்த நீதிபதியும் சந்தேகமாகத்தான் புரட்டுவார். அன்றன்றைக்கு எழுதுங்கள், ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதிய ஆறு மாதக் குறிப்பு பார்த்தாலே தெரியும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் எண்ணும் தெரிய வேண்டும். அதைச் சாட்சியமாகக் கொடுக்க, பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். வக்கீல் தயார் செய்துவிடுவார்.

கேள்வி: குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். கையெழுத்துக்கு வருகிறேன் என்று மூன்று முறை ஏமாற்றிவிட்டார். — முகப்பேர் வாசகி

குழந்தையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு தரும் உறுதிமொழிப் படிவங்களில், இருவரும் கையெழுத்திடுவது இணைப்பு டி. ஒருவர் சம்மதம் தராதபோது, மற்றவர் காரணத்தைக் குறிப்பிட்டு உறுதிமொழி தர இணைப்பு சி இருக்கிறது. கேஸ் நிலுவையில் இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள், நீதிமன்ற உத்தரவு இருந்தால் நகலை இணையுங்கள். வெளிநாடு போகத் தடை உத்தரவு இருந்தால் முதலில் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். தடுப்பூசிக்கு இந்தத் தொல்லையே இல்லை, அழைத்துப் போகும் பெற்றோர் ஒருவர் போதும். அவர் வரட்டும் என்று 9 மாத ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.