வேரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள்: ஆர்கிட் கேள்வி பதில்

வீட்டில் ஆர்கிட் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. வகையைச் சொல்லாமல் கேட்டவர்களின் ஜன்னலோரத்தில் இருப்பது பெரும்பாலும் ஃபலனாப்சிஸ்தான். அந்துப்பூச்சி சிறகை விரித்தது போல் பூக்கும் வகை அது. அதை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்றுவது? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

கிழமைக் கணக்கை விட்டுவிடுங்கள், வேரைப் பாருங்கள். ஆர்கிட் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு, வேலமன் என்று பெயர். காய்ந்திருக்கும்போது அதில் காற்று நிறைந்து வேர் வெள்ளிச் சாம்பல் நிறமாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் உறை அதை உறிஞ்சிக்கொள்ள, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். வேர் வெளுத்தால் தண்ணீர் ஊற்றுங்கள். பச்சையாக இருந்தால் பொறுங்கள். இதற்காகவே, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைக்கச் சொல்கிறேன்.

இந்தச் செடி காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்வது. புல்லுருவி மாதிரி மரத்தின் சாற்றைக் குடிப்பதில்லை, இடம் மட்டும்தான் கேட்கிறது. மழையில் சொட்டச் சொட்ட நனையும், மழை விட்டதும் காற்றில் உலர்ந்துவிடும். அப்படிப் பழகிய வேரை எந்நேரமும் ஈரத்தில் வைத்தால் காற்றில்லாமல் அழுகிப்போகும். என் முதல் செடியை அப்படித்தான் இழந்தேன். அது வாடுவதைப் பொறுக்க முடியாமல் தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஊற்றும்போது தாராளமாக ஊற்றுங்கள். காலையில் குழாயடியில் வைத்து நன்றாக நனைத்து, முழுக்க வடியவிட்ட பிறகு இடத்தில் வையுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. இலைகளுக்கு நடுவே குருத்தில் நீர் நின்றால் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இலையெல்லாம் சுருங்கித் துவண்டு கிடக்கிறது. தண்ணீரைக் கூட்டினேன், இன்னும் மோசமாகிவிட்டது.

உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இருக்கிறது, குடிக்க வேர்தான் இல்லை. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று உறை உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது போய்விட்டது, வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் முன்பு தீயில் காட்டுங்கள். ஆர்கிட் வைரஸ்கள் கத்தி வழியாகச் செடிக்குச் செடி தாவும், வந்துவிட்டால் மருந்து கிடையாது.

மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில், புதிய மரப்பட்டைத் துண்டுகளில் வையுங்கள். பெரிய தொட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெட்டுக்காயத்துக்குப் பலர் சமையல் இலவங்கப்பட்டைப் பொடி போடுகிறார்கள். இலைக் காயத்தில் போடலாம், நல்ல வேரில் படவிடாதீர்கள், அதையும் உலர்த்திவிடும். புது வேர் வர மாதங்கள்கூட ஆகலாம். சுருங்கிய பழைய இலை முன்போல நிமிராமல் போகலாம். அடுத்து வரும் இலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

தோட்டத்து மண்ணில் நடலாமா?

கூடாது. நிலத்தில் வளரும் ஆர்கிட்களும் உண்டு, ஆனால் உங்களுடையது மரத்தில் வாழ்வது. மரப்பட்டைத் துண்டோடு கொஞ்சம் அடுப்புக்கரி சேர்த்தால் போதும். பட்டை மக்கி மண் போலாகிவிட்டால் மாற்றுங்கள். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் வேலை இது. பூ உதிர்ந்த பிறகு செய்யுங்கள்.

மூன்று வருடமாக இலை மட்டும் விடுகிறது, பூவே இல்லை. எந்த உரம் போட்டால் பூக்கும்?

உரத்தால் பூ வராது. இலையின் நிறம் என்ன? கரும்பச்சை என்றால் பார்க்கச் செழிப்பாக இருக்கும், ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். இளம்பச்சைதான் சரி. ஓரங்கள் சிவந்தால் வெயில் அதிகம். காலை இளவெயில் மட்டும் விழும் கிழக்கு ஜன்னல் நல்ல இடம். நடுப்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் தள்ளி வையுங்கள்.

அடுத்தது குளிர்ச்சி. ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விட, சில வாரங்களுக்கு வெப்பம் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து 28 டிகிரிக்கு மேல் இருந்தால் இலைதான் வரும். பண்ணைகளில் அறையைக் குளிரவைத்தே வேண்டிய மாதத்தில் பூக்கவைக்கிறார்கள். வெப்பமான இடத்தில் இருப்பவர்கள், இரவு குளிரும் மாதங்களில் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள். குளிர்சாதன அறையிலும் வைக்கலாம், காற்று நேராக அடிக்கக் கூடாது.

உரத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கைக் கரைத்து, வேர் ஈரமாக இருக்கும்போது கொடுங்கள். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் தொட்டியை அலசி உப்பை வெளியேற்றுங்கள்.

டென்ட்ரோபியம் நொபிலே என்ற இன்னொரு ஆர்கிட் வகையை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதற்குக் குளிர்காலத்தில் ஓய்வு வேண்டும். உரத்தை அடியோடு நிறுத்தி, தண்ணீரையும் நன்றாகக் குறையுங்கள். இரக்கப்பட்டு ஊட்டிக்கொண்டே இருந்தால், பூ வர வேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைக்கும்.

பூ உதிர்ந்துவிட்டது, தண்டை வெட்டலாமா?

காய்ந்து பழுப்பாகிவிட்டால் அடியோடு வெட்டுங்கள். பச்சையாக இருந்தால், கீழிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து கிளைத்து மறுபடி பூக்கலாம். சிறிய செடி, வேர் குறைந்த செடி என்றால் பச்சையாக இருந்தாலும் முழுக்க வெட்டிவிடுவேன். அந்தப் பூவுக்குச் செலவழிக்க அதனிடம் சக்தி கிடையாது. டென்ட்ரோபியத்தின் பழைய தண்டுகளை மட்டும் வெட்டாதீர்கள். இலை உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் அவை செடியின் சேமிப்பு.

தண்டில் இலையும் வேருமாக ஒரு குட்டி வந்திருக்கிறது ஐயோ, என்ன செய்ய?

பயம் வேண்டாம், நல்ல செய்தி. இதைக் கெய்கி என்பார்கள், ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள். இரண்டு மூன்று வேர்கள் 5 சென்டிமீட்டர் நீளம் வரும்வரை தாயோடு விட்டு, பிறகு பிரியுங்கள்.

மொட்டெல்லாம் மஞ்சளாகி, விரியாமலே கொட்டிவிட்டது. மனசே சரியில்லை.

புரிகிறது, எனக்கும் நடந்திருக்கிறது. அண்மையில் என்ன மாறியது என்று யோசியுங்கள். இடம் மாற்றினீர்களா? வேர் ஒருநாள் அதிகம் காய்ந்ததா? வறண்ட காற்று அடிக்கிறதா? பலர் கவனிக்காத காரணம் பழக்கூடை. பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடும், அது மொட்டை உதிர்க்கும். தண்டு வளரும்போது தொட்டியைத் திருப்பவும் வேண்டாம், வெளிச்சத்தைத் தேடித் தண்டு கோணிக்கொள்ளும்.

இலை இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு போல இருக்கிறதே?

மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள். செடியை மற்றவற்றிடமிருந்து தள்ளி வையுங்கள்.

காய் ஒன்று பிடித்திருக்கிறது. விதை போட்டு வளர்க்கலாமா?

விதை தூசியளவுதான் இருக்கும், அதற்குள் உணவு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இதைக் கண்டார். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த அகர் கூழில் முளைக்கவைத்துக் காட்டினார். இன்றும் பெரும்பாலும் அந்த வழிதான். கிருமியே இல்லாத குடுவை வேண்டும், பிறகு பூ பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செடி பலவீனமாக இருந்தால் காயை எடுத்துவிடுங்கள்.

இதோடு ஒரு வேண்டுகோள். காட்டிலிருந்து பிடுங்கிய செடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆர்கிட் குடும்பம் முழுவதுமே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பண்ணையில் வளர்ந்ததுதான் வீட்டிலும் நன்றாகப் பிழைக்கும்.

பூத்திருக்கும்போது நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

நேர் வெயில் படாமல், சற்றுக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் நிற்கும். மற்றபடி உட்கார்ந்து பாருங்கள், இதை மனதாரச் சொல்கிறேன். மூன்று புல்லி இதழ்கள், இரண்டு அல்லி இதழ்கள், மூன்றாவது அல்லி இதழ் மட்டும் உதடாக மாறிப் பூச்சி வந்து இறங்கும் திண்ணையாகியிருக்கும். நடுவில் உள்ள சிறு தூணில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாய் இணைந்திருக்கும். அந்த உதடு மொட்டில் மேல்பக்கம்தான் இருந்தது. விரிவதற்குள் பெரும்பாலான ஆர்கிட் பூக்கள் அரைவட்டம் திரும்பி அதைக் கீழே கொண்டுவருகின்றன. உங்கள் செடியில் ஒரு மொட்டு பாக்கி இருந்தால், விரியும் நாட்களில் காலையும் மாலையும் அதன் காம்பைப் பாருங்கள், முறுக்கிக்கொண்டு திரும்புவது தெரியும்.