கேர் பிளானில் எழுதிய இலக்கை நோயாளி எட்டிவிட்டாரா என்பதை எப்படி முடிவு செய்வது?

நோயாளியின் பிரச்சினை, இலக்கு, அதற்குச் செய்யப்போகும் வேலை எல்லாவற்றையும் நர்ஸ் எழுதிவைக்கும் திட்டம்தான் கேர் பிளான். அதன் கடைசிக் கட்டமான 'மதிப்பீடு' பகுதியில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நர்சிங் படிக்கும் காலத்தில் நானும் அதை அவசர அவசரமாகத்தான் நிரப்புவேன். "வலி மாத்திரை கொடுக்கப்பட்டது. நோயாளி நன்றாக இருக்கிறார்." முதல் வரி நான் செய்த வேலை, இரண்டாவது என் யூகம். இரண்டுமே மதிப்பீடு இல்லை என்பது வார்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

முதலில் நீங்கள் எழுதிய இலக்கை எடுத்துப் பாருங்கள். "மாத்திரை கொடுத்த ஒரு மணி நேரத்தில் வலி 8-லிருந்து 3-க்கு இறங்கும்" என்று இருந்தால் வேலை சுலபம். சொன்ன நேரத்துக்குப் போய், 0 முதல் 10 வரை இப்போது எவ்வளவு என்று கேளுங்கள். 3 என்றால் எட்டியாச்சு, 5 என்றால் ஓரளவு, 8-லேயே நின்றால் எட்டவில்லை. வெறுமனே "வலி குறையும்" என்று எழுதியிருந்தால்? 8 போய் 7 ஆனாலும் குறைந்ததுதானே! மதிப்பீட்டில் வரும் குழப்பம் பெரும்பாலும் இலக்கு எழுதும்போதே தொடங்கிவிடுகிறது.

எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த ஒருவர் "வலி 2தான் சிஸ்டர்" என்றார். கொஞ்சம் இருமச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றார். அசையாமல் படுத்திருக்கும்வரைதான் அந்த 2. இருமவும் ஆழமாக மூச்சு விடவும் முடியாவிட்டால் சளி தங்கி நிமோனியா வரலாம். அன்று "ஓரளவு" என்றுதான் எழுதினேன்.

இன்சுலின் போடக் கற்றுக்கொடுத்தாலும் இதே கதைதான். "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நோயாளியே அளவெடுத்துப் போட்டுக் காட்டட்டும்.

எட்டவில்லை என்று எழுத மாணவர்கள் பயப்படுகிறார்கள், ஏதோ தாங்களே ஃபெயில் ஆன மாதிரி. அதனால் எல்லாமே "ஓரளவு" ஆகிவிடும், அடுத்த ஷிப்ட் நர்ஸுக்கு ஒன்றும் புரியாது. எட்டவில்லையா, தைரியமாக எழுதுங்கள். அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பதாகத் திட்டத்தில் போட்டது உண்மையிலேயே நடந்ததா? கொடுத்த நேரம் போதாதா? பிரச்சினையையே தவறாகக் கணித்துவிட்டோமா? இதையெல்லாம் பார்க்காமல் திட்டத்தை மாற்றிப் பயனில்லை.

இலக்கு எட்டிய பிறகும் ஒரு விஷயம் உண்டு. படுக்கைப் புண் வரவில்லை என்றால் எட்டியாச்சு, சரி. ஆனால் அந்த நோயாளி இன்னும் எழுந்து நடக்கவில்லையே, புண் வரும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. அந்தத் திட்டத்தை மூடாதீர்கள், தொடர்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள்.