மோட்டாரை மாற்றும் முன் டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுத் துணி ட்ரையருக்கு எட்டு வயது. ஓட ஆரம்பித்ததும் ‘தட் தட்’ என்று இடிக்கிறது, பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு மாதமாக ‘கீச்’ என்ற சத்தமும் சேர்ந்துகொண்டது. பார்க்க வந்தவர் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் மோட்டார் போய்விட்டது என்கிறார். புதிது வாங்கிவிடலாமா ஐயா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. திறந்தே பார்க்காமல் மோட்டார் மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் எழுதியதில் ‘பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது’ என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல மாடல்களில் டிரம்மின் பின்பக்கம் இரண்டு ரப்பர் ரோலர்கள் மேல் உட்கார்ந்திருக்கும். மெஷின் சும்மா நிற்கும்போது டிரம்மின் எடை ஒரே இடத்தில் அழுத்தி, பழைய ரப்பர் அங்கே தட்டையாகிவிடும். ஓடிச் சூடேறியதும் அது இளகிச் சரியாகும், இடியும் நிற்கும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். கேஸில் ஓடும் மெஷின் என்றால் கேஸையும் அடையுங்கள். கதவைத் திறந்து டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே சுற்றுக்குள் பல முறை ‘தொம்’ என்று தூக்கிப் போட்டால் ரோலராகத்தான் இருக்கும். ஆனால் தேயும் ரோலரின் உண்மையான நிலை, டிரம்மைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றினால்தான் தெரியும். என் வீட்டு ட்ரையரிலிருந்து எடுத்த ரோலரை இன்னும் வைத்திருக்கிறேன். நடுத்துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துபோயிருக்கிறது. தண்டில் மாட்டி ஆட்டினால் இரண்டு பக்கமும் தள்ளாடும். தண்டைச் சுற்றிப் பஞ்சுத்தூசி கயிறு போல முறுக்கிக் கிடந்தது.

‘கீச்’ சத்தத்துக்கு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்ன புல்லியைத்தான் முதலில் பார்ப்பேன். விரலால் சுழற்றினால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். முனகினாலோ சிக்கினாலோ மாற்றிவிடுங்கள். எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள்! இரண்டு நாள் சத்தம் நிற்கும், அப்புறம் அதில் பஞ்சு ஒட்டிக் களிம்பாகிவிடும். சூடான மெஷினுக்குள் எண்ணெய் ஊறிய பஞ்சு தீப்பிடிக்கக்கூடியது.

ரோலர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், கூடவே புல்லியும் பெல்ட்டும். டிரம்மை மறுபடி இறக்குவது சிரமமான வேலை. கழற்றும் முன் பெல்ட் போகும் வழியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாட்டும்போது திண்டாடுவீர்கள். திறந்த கையோடு அடியில் இருக்கும் பஞ்சையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் ட்ரையரில் துணியே போடாமல் ஓட்டினாலும் ‘கடகட’ என்கிறது. டிரம்மைக் கையால் சுற்றினால் சத்தமே இல்லை. என்ன கோளாறு?

பதில்: அப்படியானால் காற்றுத் தள்ளும் விசிறியைப் பாருங்கள். அதற்குள் நாணயமோ பட்டனோ விழுந்திருக்கலாம். விசிறியின் நடுத்துளை தேய்ந்து தண்டில் ஆடினாலும் இதே சத்தம்தான். அதை ஒட்டவைக்க முயலாதீர்கள், புது விசிறியே போடுங்கள்.