பழைய கேனான் ஏஇ-1 கீச்சிடுகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: ஆன்லைனில் ஒரு கடைக்காரரிடம் செகண்ட் ஹேண்டாக கேனான் ஏஇ-1 கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் வாங்கினேன். க்ளிக் செய்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. சில நேரம் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. "பழைய கேமரா என்றால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். திருப்பித் தர ஒரு வாரம் அவகாசம் உண்டு. என்ன செய்வது?

பதில்: இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். க்ளிக் ஆகாததை முதலில் பாருங்கள், அதற்குச் செலவு குறைவு.

1976-ல் வந்த இந்த மாடலில் ஷட்டரை (ஒளியை ஃபிலிமுக்கு விடும் துணித் திரைகளை) விடுவிப்பதே மின்சாரம்தான். பேட்டரி இறங்கினால் கேமரா அசையாது. தேவை 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி. அது கிடைக்காவிட்டால் நான்கு எல்ஆர்44 பட்டன் செல்களை அடுக்கிக் காகிதம் சுற்றிப் போடலாம். ஆனால் நான்கும் சேர்ந்து 21.6 மி.மீ. உயரம்தான், அசல் பேட்டரி 25 மி.மீ. சொச்சம். மீதி இடத்துக்கு அலுமினியத் தாளை மடித்து வைக்காவிட்டால் தொடர்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும். உங்களுக்கு முன்பு இந்தக் கேமராவை வைத்திருந்தவர் இப்படி ஏதும் செய்திருக்கிறாரா என்று திறந்து பாருங்கள். பேட்டரி மூடி பிளாஸ்டிக், எளிதில் உடையும். நெம்பாமல் மெதுவாகத் திறக்கவும். உள்ளே பச்சை பூத்திருந்தால் பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

புதுப் பேட்டரி போட்டதும் மேலே இடப்பக்கம் உள்ள பேட்டரி செக் பட்டனை அழுத்துங்கள். வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் இடத்தில்) முள் 5.6 குறியிலோ அதற்குக் கீழேயோ நின்றால் போதும். முள் சரியாக நின்றும் க்ளிக் ஆகவில்லையென்றால், ஷட்டரை விடுவிக்கும் மின்காந்தத்தில் அழுக்குப் படிந்திருக்கலாம். அதற்கு அடித்தகட்டைக் கழற்ற வேண்டும், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இனி கீச்சுச் சத்தம். கேனான் ஏ வரிசையில் இது பரவலாக உள்ள நோய். கத்துவது ஷட்டர் அல்ல, வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பும் மிரரை ஏற்றி இறக்கும் பல்சக்கரங்கள். பல பத்தாண்டுகளில் அவற்றின் எண்ணெய் வறண்டுவிடுகிறது. விற்றவர் சொல்வதுபோல் அப்படியே விட்டால் மிரர் மந்தமாகிக் கடைசியில் சிக்கிக்கொள்ளவும் கூடும். பழகிய மெக்கானிக் வளைந்த நீண்ட ஊசியால் சரியான சக்கரத்தில் ஒரு துளி வாட்ச் எண்ணெய் விடுவார், அவ்வளவுதான். தயவுசெய்து டபிள்யூடி-40 போன்ற எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள். அது பரவி மின்காந்தத்துக்கும் ஷட்டர் துணிக்கும் போய்ச் சேர்ந்தால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

திருப்பிக் கொடுப்பதை முடிவு செய்ய வேண்டியது ஷட்டர்தான். ஃபிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடியுங்கள். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்து க்ளிக் செய்தால் ஃபிரேம் முழுக்க ஒளி கீற்றாகத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் கறுப்பாகவே இருந்தால் ஷட்டர் திரைகள் ஒத்து ஓடவில்லை. 1/30 நொடி வேகத்தைப் போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுத்தால் ஏறக்குறைய எட்டு ஃபிரேம்களில் ஒளி தெரிய வேண்டும். 15, 20 என்று வந்தால் ஷட்டர் மந்தம்.

கதவோரக் கறுப்பு ஃபோம் பிசுபிசுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அதை மாற்றிக்கொள்ளலாம். லென்ஸில் பூஞ்சை இருந்தாலும் வேறு லென்ஸ் போடலாம், ஆனால் அதற்கேற்ப விலையைக் குறைக்கக் கேளுங்கள். ஷட்டர் ஓடாமல் போனாலோ, பேட்டரி அறையின் உலோகத் தகடு அரித்துப் போயிருந்தாலோ யோசிக்காமல் திருப்பிவிடுங்கள். கீச்சுச் சத்தம் மட்டும்தான் என்றால் சர்வீஸ் செலவைக் கழித்துத் தரச் சொல்லி வைத்துக்கொள்ளலாம், நல்ல கேமரா.

எதுவானாலும் அவகாசம் முடியும் முன் எழுத்தில் கேளுங்கள், கீச்சுச் சத்தத்தை வீடியோ எடுத்து அனுப்புங்கள். "நன்றாக இயங்குகிறது" என்று அவர் போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் என்பதால், அவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம்.