வெள்ளை அணு மருந்து சுமக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் மூன்று கீமோ முடிந்திருக்கிறது. நம் வெள்ளை அணுக்களிலேயே நானோ மருந்தை ஏற்றிக் கட்டிக்கு அனுப்பும் சிகிச்சை வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அதற்காகக் காத்திருக்கலாமா?
– ஒரு வாசகி, கருங்கல்

பதில்: காத்திருக்கவே வேண்டாம், சகோதரி. நாலாவது கீமோவுக்கு டாக்டர் சொன்ன தேதியிலேயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வீடியோவில் சொன்ன விஷயம் பொய் இல்லை, ஆனால் மனிதர்களுக்கான சிகிச்சையாக அது இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நானோ துகளை, அதாவது மருந்தைச் சுமக்கும் கண்ணுக்கே தெரியாத நுண்ணிய துகளை, நேரே ரத்தத்தில் ஏற்றினால் கல்லீரலும் மண்ணீரலும் களியக்காவிளை செக்போஸ்ட் மாதிரி வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பத்தாண்டு ஆய்வுகளை 2016-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஏற்றிய துகளில் கட்டிவரை போய்ச் சேர்ந்தது சுமார் 0.7 சதவீதம்தான் என்று தெரிந்தது, அதுவும் பெரும்பாலும் எலிகளில். அதனால்தான் அந்தப் பக்கம் எப்படியும் போகிற ஆள் கையில் பார்சலைக் கொடுத்துவிடுவோமே, அந்த வழியை யோசித்தார்கள். மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணு, ரத்தக்குழாய் சரியாக எட்டாத, ஆக்சிஜன் குறைந்த கட்டியின் உள்பகுதிக்கும் தானாகவே நுழைந்துவிடும். 2017-இல் சீன ஆய்வாளர்கள் மூளைக் கட்டியை அறுத்தெடுத்த எலிகளுக்கு, நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களில் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றிச் செலுத்தினார்கள். அறுத்த இடத்து வீக்கம் அந்த அணுக்களை வா வா என்று இழுத்தது. கட்டி திரும்ப வளர்வது தாமதமானது, எலிகள் கூடுதல் நாள் உயிரோடிருந்தன, ஆனால் வளர்ச்சி முழுசாக நிற்கவில்லை.

சிக்கல்களும் உண்டு. சுமக்கிற அணுவையே மருந்து கொன்றுவிடலாம், வழியிலேயே கசிந்துவிடலாம். அதைவிடக் கவலை, கட்டிக்குள் போன மேக்ரோஃபேஜ் சில நேரம் கட்சி மாறி, கட்டி வளரவே துணை போய்விடும்.

அப்புறம், 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19-ஐ இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நானோ மருந்து இல்லை, டி செல் என்ற வெள்ளை அணுவையே மாற்றியமைத்துச் செலுத்துவது, சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும். இப்போதே நானோ ஊசி போடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அடுத்த முறை போகும்போது, கட்டித் திசுவில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த மரபணுக்களில் மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் இன்றைக்கே கிடைக்கின்றன. பயாப்ஸி ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.