‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ – தீபாவளி வாழ்த்தை மனத்திலிருந்து எழுதுவது எப்படி

கேள்வி: நான் மும்பை செம்பூரில் வசிக்கிறேன்; சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே விளக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிடுவது என் வழக்கம். சென்ற ஆண்டு அந்தப் படம், நான்கு மாதங்களுக்கு முன்புதான் சித்தியை இழந்திருந்த சித்தப்பாவுக்கும் போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. இந்த ஆண்டு வீட்டாருக்கும் தோழிகளுக்கும் அலுவலகத்தில் உடன் பணிபுரியும் மராத்தியர், குஜராத்தியருக்கும் என் சொற்களில் எழுத விரும்புகிறேன். ஆனால், ‘இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ‘தீபாவளி’ என்று எழுதுவதா, ‘தீப ஒளி’ என்று எழுதுவதா என்பதிலும் குழப்பம். வழி சொல்ல முடியுமா?

பதில்: சொல் வராததற்கு உங்கள் தமிழ் காரணமில்லை, எழுதத் தொடங்கும் இடம்தான் காரணம். தீபாவளியன்று நம் வீடுகளில் பெரியவர்கள் ஒருவரையொருவர் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் எதிர்வீட்டுக்காரர் வாசலில் தென்பட்டால், ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்றுதான் கேட்டார்கள். நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெயில் திருமகளும் வெந்நீரில் கங்கையும் எழுந்தருள்வதாக நம்பிக்கை. அந்தக் குளியல் முடிந்ததா, லேகியம் சாப்பிட்டாயிற்றா, துணி உடுத்தியாயிற்றா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அது வாழ்த்தின் வடிவில் இல்லை; விசாரிப்பின் வடிவில் இருக்கிறது. கேட்டவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் பேச்சும் வளரும். ‘நல்வாழ்த்துகள்’ என்பதற்கோ ‘உங்களுக்கும்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அத்துடன் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆகவே, வாழ்த்த முயலாதீர்கள், விசாரியுங்கள் என்பதே நான் தரும் யோசனை. இதற்கான அச்சும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்’ என்று தொடங்கிய பழைய இன்லண்ட் கடிதங்களை நாம் கேலி செய்து பழகிவிட்டோம். ஆனால், தன் வீட்டுச் செய்தியில் ஒன்றைச் சொல்லிவிட்டு எதிராளியின் வீட்டுச் செய்தியில் ஒன்றைக் கேட்கும் அந்த வரிசை பிசகில்லாதது. உங்கள் வீட்டில் இந்தத் தீபாவளிக்கு நடக்கும் ஒன்றை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். அவர் வீட்டில் நீங்கள் உண்மையாகவே அறிய விரும்பும் ஒன்றை அடுத்த வாக்கியத்தில் கேளுங்கள். வாழ்த்து என்ற சொல் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு வரட்டும். நான் மும்பையின் கோட்டைப் பகுதியிலிருந்த ஓர் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆண்டுதோறும் அச்சிட்ட வாழ்த்தட்டைகளை நூற்றுக்கணக்கில் உறையிலிட்டு அனுப்பியிருக்கிறேன். மேலதிகாரி கையெழுத்துக்குக் கீழே தம் பேனாவால், ‘மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா?’ என்பது போல் ஒரு வரி சேர்த்த அட்டைகளுக்குத்தான் பதில் கடிதம் வரும். மற்றவற்றுக்கு அதே போன்ற இன்னோர் அச்சட்டை வரும். இரண்டும் ஒரே கோப்பில் போய்ச் சேரும்.

சித்தப்பாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதற்குத் தீபாவளி வரை காத்திருக்கக் கூடாது. ஒருவர் மறைந்த ஆண்டில் அந்த வீட்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். அந்த வீட்டில் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறாது. உறவினர்கள் தங்கள் வீட்டில் செய்ததை எடுத்துப்போய்க் கொடுத்து, சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்கள். உங்கள் விளக்குப் படம் போனது அப்படிப்பட்ட ஒரு நாளில் என்பதால்தான் உறுத்துகிறது. இந்த வாரமே அவருக்குத் தனியாக எழுதுங்கள். ‘சென்ற தீபாவளியன்று எல்லோருக்கும் அனுப்பிய படம் உங்களுக்கும் வந்துவிட்டது சித்தப்பா, நான் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு வாக்கியம் போதும். விளக்கம் நீண்டால், உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

தீபாவளியன்று எழுதுவது வேறு. ஓராண்டு கடந்துவிட்டதால் இம்முறை வாழ்த்தில் தவறில்லை. ஆனால் சித்தியைக் குறிப்பிடாத வாழ்த்து அவருக்கு வெறுமையாக இருக்கும். இறந்தவரின் பெயரை எடுத்தால் துக்கம் கிளறும் என்று பலர் தவிர்க்கிறார்கள். எல்லோரும் தவிர்ப்பதால், அந்தப் பெயரைக் கேட்காமலே அவருடைய பண்டிகை நாள் முழுதும் போய்விடுகிறது என்பதைத்தான் நான் மனைவியை இழந்த நண்பர்களிடம் கண்டிருக்கிறேன். சித்தி உங்களுக்காகச் செய்த ஒன்றை நீங்கள்தான் தேர வேண்டும். நான் லேகியம் என்று வைத்துக்கொள்கிறேன். ‘சித்தப்பா, இன்று காலையில் கடையில் வாங்கிய லேகியத்தைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சித்தி கிளறித் தந்ததில் இருந்த சுக்குக் காரம் இதில் இல்லை. நீங்கள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா? மத்தியானம் சாப்பாடு யார் வீட்டில்? பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன்.’ இதில் வாழ்த்து என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி வாக்கியத்தில் சொன்ன நேரத்துக்குக் கட்டாயம் கூப்பிட்டுவிடுங்கள்.

மற்ற பெரியவர்களைப் பொறுத்தவரை, நம் முறையில் இளையவர் மூத்தவரை வாழ்த்துவதில்லை, வணங்கி ஆசி கேட்பார். ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்னும் வரி திருமண மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டு, எதற்கு ஆசி வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். ‘அத்தை, நமஸ்காரம். பெரியவனுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு. அவனை மனத்தில் நினைத்து ஒரு விளக்கு ஏற்றுங்கள்’ என்று எழுதினால் உங்கள் மாமியார் அதைப் பக்கத்து வீட்டில் படித்துக் காட்டுவார். எழுத்தில் கண் சிரமப்படுபவர்களுக்குக் குரல் பதிவு மேல். அதில் மட்டும் எழுத்துத் தமிழ் வேண்டாம். ‘ஆச்சி, எண்ணெ தேச்சுக் குளிச்சாச்சா? முறுக்கு இந்தத் தடவ யாரு சுத்துனா?’ என்று ஊர்ப் பேச்சிலேயே கேளுங்கள். மும்பையில் முப்பது ஆண்டு இருந்தபின் நம் பேச்சில் இந்தி வாடை ஏறிவிட்டிருக்கும்; ஆச்சி அதைக் கண்டுபிடித்துக் கேலி செய்தால் அதுவும் பண்டிகையில் சேர்த்திதான்.

தலைதீபாவளி கொண்டாடும் தம்பதியர் உறவில் இருந்தால் அவர்களுக்குத் தனியாக எழுதுவதை மறந்துவிடக் கூடாது. இருவர் பெயரையும் எழுதுங்கள். பெண்ணின் பெற்றோருக்கும் ஒரு வரி அனுப்புங்கள். அன்று அந்த வீட்டில் ஓடியாடி உழைப்பவர்கள் அவர்கள்தாம்.

தோழிகளுக்கு எழுத என் உதவி தேவைப்படாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பல ஆண்டு பேசாமல் இருந்த தோழிக்கு எழுதும்போது, ஏன் பேசவில்லை என்ற சமாதானத்தில் தொடங்காதீர்கள். ‘மாட்டுங்காவில் பூ வாங்கப் போனபோது, அங்கே நீ கதம்பத்துக்குப் பேரம் பேசியது ஞாபகம் வந்தது; இப்போதும் பேரம் பேசுகிறாயா?’ என்று நடுவிலிருந்து தொடங்கினால் இடைவெளி தானே மூடிக்கொள்ளும்.

அலுவலகத்தில்தான் கொஞ்சம் விவரம் தெரிந்து எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே ஒரே பெயரில் பல தீபாவளிகள் இருக்கின்றன. நமக்குத் தீபாவளி என்பது சதுர்த்தசி விடியல். மும்பையில் பெரும்பாலோருக்கு அமாவாசை மாலை லட்சுமி பூஜையே முதன்மை. இரண்டும் 2023-இல் நவம்பர் 12 என்ற ஒரே நாளில் சேர்ந்து வந்தன. 2025-இல் நாம் அக்டோபர் 20 அன்று கொண்டாட, மகாராஷ்டிரத்தில் லட்சுமி பூஜை விடுமுறை 21 அன்று வந்தது. எனவே, நாம் குளித்து முடித்த உற்சாகத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிடாமல், அவரவர் நாளைப் பார்த்து அனுப்புவது நலம்.

மராத்தியர்கள் விஷயத்தில் ஒரு வசதி உண்டு: நரக சதுர்த்தசியன்று அவர்களும் விடியுமுன் எண்ணெய் தேய்த்து, உட்டணே என்னும் வாசனைப் பொடி பூசிக் குளிக்கிறார்கள், காரீட் என்ற கசப்புக் காயை நரகாசுரனாகப் பாவித்துக் காலால் நசுக்குவதும் உண்டு. ஆகவே நம் பழைய கேள்வியை அப்படியே அவர்களிடம் கேட்கலாம். ‘அப்யங்க ஸ்நான் ஜாலே கா?’ என்று நீங்கள் எழுதினால், ஒரு தமிழ்ப் பெண்மணிக்கு இது எப்படித் தெரிந்தது என்று வியந்து நாலு வரி பதில் எழுதுவார்கள். பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் இன்னும் நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு மராத்திச் சிறுவர்கள் மண்ணும் கல்லும் கொண்டு சிவாஜி காலத்துக் கோட்டை போல வாசலில் கட்டுவார்கள்; ‘உங்கள் பையன் இந்த ஆண்டு எந்தக் கோட்டை கட்டினான்? படம் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். அவர்கள் பலகாரத் தட்டில் வரும் அனார்ஸே நம் அதிரசத்துக்கு நெருங்கிய உறவு என்பதும் பேச்சுக்கு உதவும். மாவின் பதம் தப்பினால் இரண்டு வீட்டிலும் ஒரே சோகம்தான்.

குஜராத்தியருக்கு அமாவாசைக்கு அடுத்த நாள் புத்தாண்டு பிறக்கிறது. சில ஆண்டுகளில் திதி நீண்டு ஒரு நாள் தள்ளியும் வரும். ‘சால் முபாரக்’ என்பது அந்த நாளுக்குரிய சொல். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மார்கழியில் பொங்கல் வாழ்த்துச் சொன்னது போல் இருக்கும். வணிகக் குடும்பத்தினராக இருந்தால் சோப்டா பூஜன் என்னும் கணக்குப் புத்தகப் பூஜை நல்லபடியாக நடந்ததா என்றும், லாப பஞ்சமியன்றுதான் கடை திறப்பார்களா என்றும் கேட்கலாம். சமணர்களுக்கு இது மகாவீரர் முக்தியடைந்த நாள். அவர்களில் பலர் உயிர்களுக்குத் துன்பம் என்று வெடியைத் தவிர்ப்பதால் பட்டாசுப் படங்களை அவர்களுக்கு அனுப்ப வேண்டாம். பிகார்க்காரர்களின் மனம் தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜையில் இருக்கும். ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைத்ததா என்று கேட்பதைவிட அன்பான வாழ்த்து அவர்களுக்கு இல்லை.

தீபாவளி கொண்டாடாத சக ஊழியர்களை விட்டுவிடுவதா, சேர்ப்பதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. சேருங்கள், ஆனால், ‘இருள் நீங்கி ஒளி பிறக்க’ போன்ற வரிகளை அவர்களிடம் ஒப்பிக்க வேண்டாம். ‘விடுமுறையில் எங்கே போகிறீர்கள்? புதன்கிழமை முறுக்கு கொண்டுவருகிறேன்’ என்பது போதுமானது.

மேலதிகாரிக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் எழுதாதீர்கள், புகழ்ச்சியும் சேர்க்காதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு எழுதும்போது, அந்த ஆண்டில் அவர் செய்த ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ‘உங்கள் கடின உழைப்புக்கு நன்றி’ என்பது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், ஆனால் ‘ஜூலை வெள்ளத்தன்று நீங்கள் இரவு தங்கிக் கணக்கை முடித்துக் கொடுத்தீர்கள்’ என்பது அவர் ஒருவருக்குத்தான் பொருந்தும். அதே செய்தியில் திங்கட்கிழமை தர வேண்டிய அறிக்கையை நினைவூட்டினால், படிப்பவர் கண்ணில் அறிக்கை மட்டும்தான் நிற்கும். அலுவலகக் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, எழுத வேண்டியவர்களுக்குத் தனித்தனியே எழுதுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் காவலாளிக்கும் போனஸ் கொடுக்கும் உறையின் மேல் அவர்கள் பெயரை, அவர்கள் படிக்கும் எழுத்தில், கையால் எழுதிக் கொடுங்கள்.

இத்தனை பேருக்கும் ஒரே நாளில் எழுத முடியாது. ஒரு தாளில் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் இப்போதே குறித்துவையுங்கள். கேள்வி தோன்றாத பெயர்களுக்கு விளக்குப் படமே போகட்டும், அதில் குற்றம் ஒன்றுமில்லை. துக்க வீடுகளை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அனுப்புங்கள். ஒரு மாலைக்கு நாலைந்து பேர் என்று எழுதிவந்தால் பத்து நாளில் முடியும். எழுதியதை வைத்திருந்து உரிய நாளில் அனுப்பலாம்.

கடைசியாக உங்கள் எழுத்துச் சந்தேகம். தீபம், ஆவளி என்ற இரு வடசொற்கள் சேர்ந்தது தீபாவளி. ஆவளி என்றால் வரிசை. ‘தீப ஒளி’ என்பது கேட்க அழகாக இருந்தாலும் அச்சொல்லின் பிரிப்பு அதுவன்று. ‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. நான் ‘வாழ்த்துகள்’ என்றே எழுதுகிறேன், உங்கள் கேள்வியிலும் நீங்கள் அப்படியே எழுதியிருக்கிறீர்கள்.